அது எங்கள் வீட்டு இடம்

25 அக்டோபர், வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த புடவை இன்னும் ஈரம்.

முதலில் ஒரு திருத்தம். இதை யாரும் படிக்கப்போவதில்லை. எனக்காகவாவது சரியாக இருக்கட்டும். எங்கள் பங்குக் கோயிலில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது தவறு. கடைசி நாளில் செத்தவர்கள் எழும்போது எலும்பு கலந்துவிடும், எது யாருடையது என்று தெரியாமல் போகும் என்று நான் சொன்னேனாம். சொல்லவில்லை. பிழைக்க வந்தவர்களையெல்லாம் என் கணவர் மேல் படுக்க வைக்க முடியாது என்றேனாம். அதுவும் இல்லை. நான் சொன்னது நான்கே சொற்கள். "அது எங்கள் வீட்டு இடம்." அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.

நடந்தது இது. அந்தோணி, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி ஸ்டெல்லா, அதே கம்பெனியில் செக்கிங். இருவரும் தூத்துக்குடிப் பக்கம். கோயிலில் இடப்பக்கம் மூன்றாம் தூணருகே நிற்பார்கள். இந்த மாதத் தொடக்கத்தில் மஞ்சள் காமாலை முற்றி அந்தோணி இறந்தான். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழி வெட்ட இடம் இல்லை. பழைய கல்லறை ஒன்றைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒரு பக்கமாக மரியாதையோடு ஒதுக்கிவைத்து, அதிலேயே இன்னொருவரை அடக்கம் செய்வது பங்கின் வழக்கம். குடும்பத்தார் சம்மதம் வேண்டும். அநேகமாக அதே குடும்பத்தில் அடுத்துப் போகிறவர்தான் உள்ளே போவார். எங்கள் வீட்டில் அவர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. திறக்கலாம். அடுத்துப் போக வேண்டியவள் நான்.

பங்கு ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சவரிமுத்து சாப்பாட்டு நேரத்தில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "டீச்சர், சார் கல்லறையைத் திறக்கலாமான்னு ஃபாதர் கேக்கச் சொன்னார், வண்டி ஆஸ்பத்திரியில நிக்குது" என்றார். கையில் சோறு. நான் அந்த நான்கு சொற்களைச் சொன்னேன். அவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். அன்று மாலையே வேன் பிடித்து அந்தோணியை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்படிக் கேட்கிற விதம் தப்பு. இப்போதும் அதையே சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்பியக் கூட்டத்தில், அக்கம்பக்கத்துப் பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற இடத்தில், நான் பேச வேண்டும். தலைப்பு: ஆண்டவரின் உயிர்ப்பை நாம் நம்புவதற்குக் காரணங்கள். ஃபாதர் ஆகஸ்டிலேயே கேட்டிருந்தார். இது நடந்த பிறகு வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெருந்தன்மையா, தண்டனையா? இளவயதுக்காரர். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாங்க வேண்டியவை: சுண்ணாம்பு, பிரஷ், மெழுகுவர்த்தி (மெல்லியது வேண்டாம், காற்றில் நிற்காது), சர்க்கரை மாத்திரை, பேனாவுக்கு மை.


26 அக்டோபர், வெள்ளி

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். கரண்ட் மூன்று தடவை போனது.

பேச்சுக்கு எழுதத் தொடங்கினேன். மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை: நம்புகிறேன் என்று மட்டும் சொல்லாதே, ஏன் என்று சொல். அங்கே பாடம் எடுத்த கன்னியாஸ்திரீ "எல்லாரும் நம்புகிறார்கள்" என்று எழுதினால் பூஜ்யம் போடுவார்.

1. சாட்சிகள் பெண்கள். அந்தக் காலத்தில் பெண் சொல்லுக்கு வழக்கு மன்றத்தில் மதிப்புக் கிடையாது. கதை கட்டுகிறவன் ஊர்ப் பெரியவர் நான்கு பேரை அல்லவா கல்லறைக்கு முதலில் அனுப்பியிருப்பான்? மகதலா மரியாவை ஏன் அனுப்புகிறான்? அவள்தான் போனாள் என்பதால்.

2. சீடர்கள் ஓடிப்போனவர்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். அதே ஆட்கள் பிறகு தெருவில் நின்று பேசினார்கள், அடி வாங்கினார்கள், செத்தார்கள். (எதிர்வாதம்: பொய்க்காகவும் மனிதர்கள் சாவதுண்டு. பதில்: உண்டு, உண்மை என்று நம்பிய பொய்க்காக. தானே கட்டிய பொய்க்காகச் சாவதற்கு ஒரு கூட்டமே முன்வராது.)

3. உடல் அங்கேதான் இருக்கிறது என்று காட்டியிருந்தால் ஒரே நாளில் பேச்சு அடங்கியிருக்கும். அவரைக் கொன்று கல்லறைக்குக் காவல் போட்டவர்களுக்கு அது கூப்பிடு தூரம். யாரும் காட்டவில்லை.

4. துணிகள்.

இந்த இடத்தில் பழனியம்மாள் வந்துவிட்டாள். பக்கத்து வீடு. அவர்கள் மாடியில் பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறார்கள். அவளுக்கும் என் வயதுதான். முருக பக்தை.

"ஏனுங்க டீச்சரம்மா, மழ வருதுங்க, துணி எடுக்கலீங்களா? என்னத்த இத்தன மும்முரமா எழுதறீங்க, கோர்ட்டுக் கேசுங்களா?"

கேஸ்தான் என்றேன். செத்தவர் எழுந்தார் என்பதற்குச் சாட்சி.

"சாட்சி ஆருங்க?"

பெண்கள்.

"அட சாமி! பொம்பள சொன்னா எவன் நம்புவான்? மேல மோட்டார் ஓடலடான்னு நான் சொன்னாலே எம்பட பையன் ஒருக்காப் போயி எட்டிப் பாத்துட்டு வந்துதானுங்க ஆமாங்கறான்."

சீடர் பேதுருவும் அப்படித்தான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார் என்றேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. துணி விஷயத்தையும் சொன்னேன். உடலைச் சுற்றிய துணி அங்கேயே கிடந்தது, தலையில் கட்டியிருந்த துண்டு சுருட்டித் தனியாக வைக்கப்பட்டிருந்தது.

"அப்பத் திருடலீங்க" என்றாள் உடனே. "எங்க கம்பெனில பீஸ் திருடறவன் கவரோடதான் கொண்டு போறானுங்க. அவுத்துச் சுருட்டி வெச்சுட்டுப் போறதுக்கு அவனென்ன மாமியார் ஊட்டுக்கா வந்தான்?"

இதைப் பேச்சில் சேர்க்க முடியாது. ஆனால் என்னுடைய நாலாவது காரணம் இதைவிடத் தெளிவாக இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நெசமாலுமே எந்திரிப்பாங்களாங்க? அண்ணனுமா?" ஆமாம் என்றேன். "அண்ணன் எந்திரிச்சாருன்னா மொதல்ல காப்பிதானுங்க கேப்பாரு. உங்க காப்பின்னா அவருக்கு உசுரு." இருவரும் சிரித்தோம். போகும்போது என் தோளைத் தொட்டு, "கல்லறைச் சமாச்சாரம் காதுல உழுந்துதுங்க. நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. எங்க தோட்டத்துல வந்து பொதைக்கக் கேட்டிருந்தா நாங்களும் உட்டிருக்க மாட்டோம். சாமி கும்புடறது வேற, எடம் வேறங்க" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். தலையாட்டினேன்.

அவள் போன பிறகு ஐந்தாவது காரணம் ஓடவில்லை. சாமி கும்பிடுவது வேறு, இடம் வேறு.


27 அக்டோபர், சனி

மார்க்கெட். சுண்ணாம்பு கிடைத்தது. மெழுகுவர்த்தி மெல்லியதுதான் இருந்தது, வாங்கவில்லை.

பேக்கரி வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது, ஷிப்ட் முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முதுகைக் காட்டியபடி:

"போய்ச் சேர மறுநா மத்தியானம் ஆயிட்டாம்லா. வழியில மழ. பொட்டியத் தொறக்கவே இல்லையாம். மாமியாக்காரி கத்துதா, தொறங்கன்னு. வேண்டாம்னுட்டாவளாம்."

"ஸ்டெல்லாக்கா மொகத்தப் பாக்கலியா?"

"இங்கன வண்டியில ஏத்தையில பாத்ததுதான்."

அந்தோணி, ஸ்டெல்லா பேச்சுத்தான். வேறு யாராகவும் இருக்க முடியாது. குடையை விரித்துக்கொண்டு மழையிலேயே நடந்து வந்தேன். பன் வாங்க மறந்துவிட்டேன்.

மாலையில் பேச்சை முடித்தேன்.

5. அடையாளம் தெரியாமல் போனது. மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். எம்மாவு ஊருக்குப் போன சீடர் இருவர் வழியெல்லாம் கூடவே நடந்தும் கண்டுகொள்ளவில்லை, அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. கட்டுக்கதையில் உயிர்த்தவர் மின்னலாக வருவார். தோட்டக்காரர் மாதிரி வரமாட்டார்.

6. தோமா. தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சந்தேகப்பட்டவனைத் துரத்தவில்லை. கையை நீட்டு என்றார்.

பேச்சுத் தாளில், 3-ல், கல்லறையைப் பற்றி எழுதும்போது "அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்கென்று பாறையில் வெட்டிவைத்திருந்த புதுக் கல்லறையில்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "ஒரு கல்லறையில்" என்று திருத்தினேன். சுருக்கமாக இருக்கட்டும் என்று.

சுருக்கமாக இருக்கட்டும் என்பதற்காக இல்லை.


28 அக்டோபர், ஞாயிறு

கூட்டம் ஒரு லைன் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரையின் கீழ். பெண்கள் இருபது பேருக்குமேல். தீபாவளி ஆர்டர் என்பதால் ஆண்கள் பலர் ஞாயிறும் வேலைக்குப் போய்விட்டார்கள். முறுக்கும் டீயும். ஃபாதர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில்.

ஸ்டெல்லா வந்திருந்தாள். சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை இல்லை, சாம்பல் நிறம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "தோத்திரம்மா" என்றாள். எப்போதும் சொல்வதுபோல்.

நன்றாகத்தான் பேசினேன். குரல் ஒத்துழைத்தது. பெண்கள் சாட்சி சொன்ன இடத்தில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். சீடர்கள் பயந்து ஒளிந்ததைச் சொன்னபோது, "ஆம்பளைங்கல்லா!" என்று யாரோ பின்னால் சொல்ல, ஒரே சிரிப்பு. ஃபாதரும் சிரித்தார்.

மூன்றாவது காரணம் வந்தது. கையில் தாள் இருந்தது. தாளில் "ஒரு கல்லறையில்" என்றுதான் இருந்தது. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ வருடம் சொன்ன வாக்கியம். வாய் தாளைப் பார்க்கவில்லை. "அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்கென்று பாறையில் வெட்டிவைத்திருந்த புதுக் கல்லறையில்" என்று முழுவதும் சொல்லிவிட்டது. தனக்கென்று என்பதை அழுத்தியும் சொன்னேன். வகுப்பில் அப்படி அழுத்துவதுதான் வழக்கம்.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இருபது பெண்களும் தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், முறுக்குத் தட்டைப் பார்த்தார்கள். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று. யாராவது முறைத்திருந்தால் நான் நிமிர்ந்து நின்றிருப்பேன். உபதேசியார் சவரிமுத்து திடீரென்று எழுந்து, ஓடாத ஃபேனின் ஸ்விட்சைத் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மட்டும் அசையவில்லை. மடியில் கை, கையில் ஜெபமாலை.

மீதியைப் படித்து முடித்தேன். எப்படி என்று தெரியவில்லை.

கேள்வி உண்டா என்றார் ஃபாதர். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்த பெண், கல்யாணம் ஆகாதவள், கேட்டாள்:

"டீச்சர், ஊர்ல பொதச்சவங்க ஊர்லயேதான எந்திப்பாங்க? நாம இங்கன கெடந்தா எப்படிப் பாக்கது?"

"கடவுளுக்குத் தூரம் கிடையாது" என்றேன். சரியான பதில். பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண். அந்தப் பெண் தலையாட்டினாள். ஸ்டெல்லா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இறங்கும்போது படியில் கை கொடுத்தவளும் ஸ்டெல்லாதான். "பாத்தும்மா, ஈரம்."


29 அக்டோபர், திங்கள்

மழை. மாவு புளித்துவிட்டது. எழுத ஒன்றுமில்லை.


30 அக்டோபர், செவ்வாய்

டாக்டரிடம் போனேன். சர்க்கரை கூடியிருக்கிறது. கவலையா என்றார். வயது என்றேன்.

யோசேப்பைப் பற்றி இத்தனை காலம் யோசித்ததே இல்லை. பாடத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான். இப்போது விடமாட்டேன் என்கிறார். பணக்காரர். கௌரவமானவர். சபையில் பெயர் உள்ளவர். தனக்காகச் செய்துவைத்த இடம். அவரிடமும் நல்ல நேரம் பார்த்து யாரும் வந்து கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை, அவரே போய்க் கொடுத்தார். குற்றவாளி என்று கொன்ற ஆளுக்கு. மூன்றாம் நாள் இடம் திரும்பக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது. திரும்பாது என்று நினைத்துத்தான் கொடுத்தார்.

உபதேசியார் செருப்போடு நின்றார் என்கிறேன். நல்ல நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனா?

மாட்டேன். இதை எழுதவே இவ்வளவு நாள்.

காரணம் ஜாதியும் இல்லை, ஊரும் இல்லை. என் கணவர் பக்கத்தில் எனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் இந்த வருடங்களை ஓட்டினேன். காலையில் எழுந்து ஒருவருக்கு மட்டும் காபி போடுவதற்கு அந்த இடம்தான் துணை. அதில் வேறொருவர் என்றதும் வாய் முந்திக்கொண்டது. திறந்த குழியை இன்னும் சில வருடம் கழித்துத் திரும்பத் திறக்கலாம், எனக்கும் இடம் இருக்கும். அதுகூடத் தோன்றவில்லை.

ஆறு காரணம் எழுதத் தெரிந்தவள். எழுவார் என்று உண்மையாகவே நம்புகிறவள் குழிக்கு இத்தனை காவல் ஏன் போட வேண்டும்? காவல் போட்டவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று எனக்குத் தெரியாதா?

அவர் உயிரோடு இருந்திருந்தால் சோற்றுக் கையோடேயே எழுந்து போயிருப்பார். குடையை யாருக்கோ கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருவார். நான் திட்டுவேன். "அந்தாளுக்கு வீடு தூரம்" என்பார் தலையைத் துவட்டிக்கொண்டே.


1 நவம்பர், வியாழன்

சகல புனிதர் திருநாள். காலைப் பூசை. பிறகு கல்லறைத் தோட்டம், நாளைக்காகச் சுத்தம் செய்ய. நல்லவேளை, மழை இல்லை.

எங்கும் ஆட்கள். புல் பிடுங்குகிறார்கள், சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பெரிய சத்தம். அவர் கல்லறையில் பாசி. பக்கெட் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். தேய்க்கப் பனியன் வேஸ்ட், கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணி. பையிலிருந்து எடுக்கும்போதுதான் நினைவு வந்தது, அந்தோணி கொண்டுவந்து போட்ட மூட்டை. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், சைக்கிளில் வைத்துக் கட்டி. "நல்ல காட்டன்ம்மா, சாயம் போவாது, நானே பாத்துப் பொறுக்குனது." நான் கேட்கவில்லை. ஒருநாள் பழைய துணி கிழிந்துவிட்டது என்று யாரிடமோ சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது.

அதைக் கொண்டே முழுக் கல்லையும் துடைத்தேன். வேறு துணி இல்லை.

கல்லில் அவர் பெயர், பிறப்பு, இறப்பு. கீழே வெற்றிடம். என் பெயருக்கு விட்டது. அதையும் துடைத்தேன்.


2 நவம்பர், வெள்ளி

கல்லறைத் திருநாள். மாலையில் பூசை, பிறகு கல்லறைகளை மந்திரித்தல். செவ்வந்தி, மரிக்கொழுந்து, சாம்பிராணிப் புகை. தடித்த மெழுகுவர்த்தி கடைசியில் கிடைத்தது. நான்கு வாங்கினேன்.

ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்களுடையது முடிந்தது. இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன், இரண்டு மிச்சம்.

தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை. சொந்தக்காரர் கல்லறை வேறு ஊரில் இருப்பவர்கள் அதன் அடியில்தான் ஏற்றுவார்கள். ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், வெளியூர்க்காரர்கள் கூட்டம். இதுவரை நின்று முகம் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். அத்தனை பேர். படிக்கட்டில் இடம் போதாமல் மண்ணில் நட்டிருந்தார்கள். ஒருத்தி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இப்ப ஏத்துதேன்மா, நீயும் அங்க ஏத்து, ஒண்ணா ஏத்துவம்" என்றாள்.

ஸ்டெல்லா அந்தப் பக்கம் ஓரத்தில். யூனிபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்கிறாள். மெழுகுவர்த்தி மெல்லியது. ஏற்ற ஏற்ற அணைந்தது. கையால் மறைத்து ஏற்றினாள், கையை எடுத்தால் அணைந்தது.

பக்கத்தில் போனேன். "ஊருக்குப் போகவில்லையா?" என்றேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி.

"லீவு தரல்லம்மா. ஷிப்மென்ட் நிக்கி. தீவாளிக்குத்தான் விடுவாங்க." பிறகு, என்னைத் தேற்றுவதுபோல், "இங்கன ஏத்துனாலும் போய்ச் சேரும்னு பங்குச் சாமி சொன்னாவம்மா."

"என்னிடம் தடித்தது இரண்டு இருக்கிறது. அங்கே சார் கல்லறையில் காற்று இல்லை, சுவர் மறைக்கிறது. வா, அங்கே வந்து ஏற்று."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. குத்தலும் இல்லை. குழந்தைக்குப் புரியவைப்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாம்மா. அது ஒங்க வீட்டு எடம்லா."

பங்கு முழுவதும் என் சொல்லைத் திரித்துவிட்டது என்று எழுதினேன். இவள் ஒருத்தி திரிக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி வைத்திருக்கிறாள்.

மெழுகுவர்த்தி இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஒன்றை ஏற்றினாள், நின்றது. மற்றதைப் பக்கத்தில் ஏற்ற முடியாமல் நின்ற வயதான ஒருவரிடம் கொடுத்துவிட்டாள்.

திரும்பி நடந்து வந்தேன். ஆட்டோ பிடிக்கவில்லை.


3 நவம்பர், சனி

வெளுத்த வானம். மழை இல்லை.

பேச்சில் ஆறாவது காரணத்தில் தோமாவைப் பற்றிச் சொன்னேன், முக்கியமானதை விட்டுவிட்டேன். உயிர்த்த உடலில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. விரல் போகிற அளவு. உயிர்ப்பு நடந்ததை நடக்காததாக ஆக்கிவிடவில்லை. செய்தது செய்ததுதான். அந்தப் பெட்டி திறக்கப்படாமல் போனது போனதுதான். அவள் முகம் பார்க்காதது பார்க்காததுதான். இதை நான் பேச்சில் சேர்த்திருக்க வேண்டும். அப்போது தெரியவில்லை.

ஃபாதரைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். ஒன்று: இனி பங்கில் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு எங்கள் கல்லறையைத் திறக்கலாம், என்னைக் கேட்க வேண்டாம், கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு: கல்லில் என் பெயருக்கு விட்ட இடத்தில் அந்தோணி பெயரை வெட்டப்போகிறேன். கல் வெட்டுகிறவரிடம் பேசியாயிற்று, திங்கட்கிழமை வருகிறார். ஸ்டெல்லா ஏற்றுவதற்கு இங்கே ஒரு பெயராவது இருக்கட்டும்.

முதலாவதை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டாவதற்கு, "அந்தப் பொண்ணைக் கேட்டீங்களா டீச்சர்?" என்றார். பணிவாகத்தான்.

கேட்கவில்லை. நல்லதுதானே செய்கிறேன் என்று நினைத்தேன். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுகூட.

"அவர் ஊர்ல அடங்கியிருக்கார். பேர் இங்க இருக்கணுமான்னு அவங்கதானே சொல்லணும். கேட்டுட்டுச் செய்யுங்க."

கேட்கிற விதம் தப்பு என்று ஒரு மாதமாக உபதேசியாரைத் திட்டியவள் நான். கேட்காமலே செய்யப் போனேன். கல் வெட்டுகிறவரை நிறுத்திவைத்தேன்.

வாசலில் சவரிமுத்து. "டீச்சர், அன்னைக்கு அவசரத்துல செருப்போட நின்னுட்டேங்க. மன்னிச்சிருங்க" என்றார். அதை அவர் இத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நான்தான் உங்களை உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும்" என்றேன்.


4 நவம்பர், ஞாயிறு

பூசையில் ஸ்டெல்லா, மூன்றாம் தூணருகே, தனியாக. நேரில் கேட்க வாய் வரவில்லை. அதோடு, நேரில் கேட்பது நியாயமும் இல்லை. கீழே உள்ளது நான் எழுதியது. நல்ல தாளில் பெயர்த்து எழுதி உறையில் போட்டாயிற்று. நாளை சவரிமுத்து கொண்டுபோய்க் கொடுப்பார். பிரதி இங்கே இருக்கட்டும்.

அன்புள்ள ஸ்டெல்லா,

அந்தோணிக்கு இடம் கேட்டபோது அது எங்கள் வீட்டு இடம் என்று சொன்னேன். சொன்னது தவறு. நீ முகம் பார்க்காமல் அடக்கம் நடந்ததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம். அதை நான் மாற்ற முடியாது. மன்னித்துவிடு என்று கேட்டு உனக்கு இன்னொரு வேலை வைக்கவும் விரும்பவில்லை.

வேறொன்று கேட்கிறேன். சார் கல்லறைக் கல்லில் அவர் பெயருக்குக் கீழே என் பெயருக்கு விட்ட இடம் இருக்கிறது. அங்கே அந்தோணியின் பெயரைப் பொறிக்க உன் சம்மதம் வேண்டும். என் பெயர் அதற்கும் கீழே வரட்டும், நாள் வரும்போது. ஊருக்குப் போக முடியாத வருடங்களில் நீ அங்கே வந்து ஏற்றலாம். சுவர் மறைப்பதால் மெழுகுவர்த்தி அணையாது.

ஆள் உள்ளே இல்லாமல் பெயர் மட்டும் எதற்கு என்று கேட்பார்கள். உள்ளே ஆள் இல்லாத கல்லறையைப் பார்த்துவிட்டு ஓடிவந்த பெண்களிடமிருந்துதான் நம் நம்பிக்கை தொடங்கியது. அன்று கூட்டத்தில் ஆறு காரணம் சொன்னேன். அந்தக் கல்லறை இன்னொருவர் கொடுத்தது என்பதைத் தாளில் அடித்துவைத்திருந்தேன், வாய்தான் சொல்லிவிட்டது, நீயும் கேட்டாய்.

உன் மாமியாரிடமும் கேட்டுக்கொள். பெயரோடு வேறு என்ன எழுத வேண்டும், எந்தப் பெயரில் அவரை வீட்டில் கூப்பிடுவார்கள், அதையும் சொல். வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை. உண்மையில் வருத்தம் இருக்கும், ஆனால் அது நீ சுமக்க வேண்டியது அல்ல.

நேரில் கேட்டால் நீ "சரிம்மா" என்றுதான் சொல்வாய். மாடிப்படியில் எனக்குக் கை கொடுத்தவள் வேறு என்ன சொல்வாய்? அதனால் நேரில் சொல்ல வேண்டாம், யாரிடமும் சொல்லி அனுப்பவும் வேண்டாம். தனியாக உட்கார்ந்து யோசித்து, சம்மதம் அல்லது சம்மதமில்லை என்று ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி அனுப்பு.